பால் தளும்பாமல்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். 2018 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பதினொன்றாவது வளைவின் தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தேன். அடிவாரத்துச் செக்போஸ்ட்டைத் தாண்டிய பிறகு அது எனக்கு மூன்றாவது நிறுத்தம். இதயம் காதுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. கீழே கன்னங்குறிச்சிப் பக்கத்துத் தோப்புகளும் அதற்கு மேற்கே வெள்ளைக்கல் சுரங்க மேடுகளும் பனிமூட்டத்தில் பாதி தெரிந்தன. இதே காட்சியைப் பேருந்து ஜன்னல் வழியாக எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். என் காலால் மிதித்து வந்து பார்ப்பது அதுதான் முதல் முறை. மூச்சு அடங்கியதும் மறுபடி ஏறினேன். இன்னும் இரண்டு இடத்தில் நின்றேன். ஏரிக்கரையை அடைந்தபோது அடிவாரத்திலிருந்து 2 மணி 52 நிமிடம் ஆகியிருந்தது. உட்கார்ந்த நேரத்தைக் கழித்தால் 2 மணி 27 நிமிடம்.

அப்போது எனக்கு 42 வயது. எடை 94 கிலோ. அதற்கு மூன்று மாதம் முன்பு 96. தணிக்கை அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பது என் வேலை. காலை பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரவு எட்டாகும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் அதற்கு மேலும் ஆகும். ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.2 என்று வந்தது. 6.5 ஆனால் அதற்கு நீரிழிவு என்றே பெயர். மருத்துவர் மாத்திரை எழுதவில்லை. "நடங்க, ஓடுங்க, ஏதாவது பண்ணுங்க. ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றார். முழங்கால் வலி இருந்ததால் ஓட முடியாது. அஞ்சு ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் யாரோ ஒரு வருடம் ஓட்டிவிட்டு விற்ற கியர் சைக்கிள் கிடைத்தது. அலுமினியச் சட்டம், பதினொன்றரைக் கிலோ.

அந்த முதல் ஏற்றத்துக்குப் பிறகு எனக்கு ஒரு வெறி வந்தது. வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. உடம்பிலுள்ள கொழுப்பையெல்லாம் இறக்கி வைத்துவிட்டால் அந்த மலை தானாக வசப்படும் என்று நம்பினேன். நம்பிக்கையில் பாதி சரிதான். அந்தப் பாதிதான் என்னை ஏமாற்றியது.

இரவுச் சாப்பாட்டை நிறுத்தினேன். சோற்றை அறவே விட்டேன். காலையில் வெறும் வயிற்றில் சைக்கிளை எடுத்து, அடிவாரம் வரை போய்த் திரும்பும் வழியை ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட வேகமாக ஓட்டப் பார்த்தேன். நாக்குத் தள்ள ஓட்டினால்தான் பயிற்சி என்பது என் எண்ணம். வியர்வை சொட்டாமல் வீடு திரும்பிய நாளை வீணான நாளாகக் கணக்கில் எழுதினேன். ஆகஸ்ட் மாதத்துக்குள் 81 கிலோவுக்கு வந்துவிட்டேன். ஏழு மாதத்தில் 13 கிலோ. பழைய பேண்ட்டுகளுக்கு இடுப்பில் மடிப்பு வைத்துத் தைக்க வேண்டியதாயிற்று. அலுவலகத்தில் எல்லோரும் கேட்டார்கள், என்ன செய்தீர்கள் என்று. சிலர் தாழ்ந்த குரலில் உடம்புக்கு எதுவும் இல்லையே என்றும் கேட்டார்கள்.

ஆகஸ்ட்டில் ஏற்காடு ஏறியபோது 2 மணி 9 நிமிடம். எங்கும் நிற்கவில்லை. 18 நிமிடம் குறைந்திருந்தது. அன்று சாயங்காலம் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கணக்குப் பார்ப்பது தொழில் என்பதால் இந்தக் கணக்கையும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மலையேற்றத்தின் கணக்கு எளிமையானது. அடிவாரத்திலிருந்து ஏரி வரை இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். உயர வேறுபாடு ஏறத்தாழ 1,000 மீட்டர். ஆளும் சைக்கிளும் சேர்ந்த எடையை ஆயிரம் மீட்டர் மேலே தூக்குவதுதான் முதன்மையான வேலை. டயர் சாலையில் உருள்வதற்குக் கொஞ்சம் சேர்க்க வேண்டும். காற்றைத் தள்ளுவதற்கு இன்னும் கொஞ்சம். மணிக்குப் பத்து கிலோமீட்டரை ஒட்டி ஏறுகிறவனுக்குக் காற்று பெரிய தடை இல்லை. சமவெளியில் கதை வேறு. அங்கே வேகமாகப் போகிறவனுடைய சக்தியில் பெரும்பகுதியைக் காற்றுதான் தின்கிறது. எடை குறைந்தவனுக்கு ஓமலூர் சாலையில் பெரிய லாபம் இல்லாமல் போவதும், மலையில் லாபம் கிடைப்பதும் இதனால்தான். மொத்த வேலையை ஆன நேரத்தால் வகுத்தால் கால்கள் சராசரியாக எத்தனை வாட் கொடுத்தன என்பது வந்துவிடும்.

ஜனவரி ஏற்றத்துக்குப் போட்டுப் பார்த்தேன். 135 வாட். ஆகஸ்ட் ஏற்றத்துக்குப் போட்டேன். 136 வாட்.

பிழை இருக்கும் என்று இரண்டாம் முறை போட்டேன். அதே விடைதான். ஏழு மாதம் தினமும் மூச்சிரைக்க ஓட்டியதில் என் கால்களுக்கு ஒரு வாட்தான் கூடியிருந்தது, அதுவும் கணக்கின் பிழைக்குள் அடங்கிவிடுகிற ஒரு வாட். குறைந்த 18 நிமிடமும் குறைந்த 13 கிலோ கொடுத்தது. கிலோவுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். இன்றுவரை ஏற்காடு ஏறுகிற புதியவர்களுக்கு நான் சொல்லும் விகிதம் அதுதான். ஆனால் அன்று அதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இறக்கி வைக்க இன்னும் எத்தனை கிலோ மிச்சம் இருக்கிறது? அதற்குப் பிறகு எதை வைத்து ஏறுவது?

அந்தக் கேள்விக்குச் சரியான விடையைத் தேடுவதற்குப் பதிலாக, இன்னும் குறைவாகச் சாப்பிட ஆரம்பித்தேன்.

செப்டம்பரில் உடம்பு சொல்ல ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும் எண்ணும் நாடித்துடிப்பு 58 இல் இருந்து 68 ஆனது. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் மறுபடி தூக்கம் பிடிக்காது. சளி பிடித்தால் இரண்டு வாரம். பிள்ளைகளிடம் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தேன். இதற்கெல்லாம் ஒரு பெயர் இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. உழைப்புக்கு ஏற்ற உணவு கிடைக்காத விளையாட்டு வீரர்களுக்கு எலும்பு, ஹார்மோன், நோய் எதிர்ப்புச் சக்தி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்வதை 2014 இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி ஒரு தனி நிலையாக வரையறுத்தது. மலையேறும் சைக்கிள் வீரர்களிடம் இந்த ஆபத்து அதிகம். எடை குறைந்தால் நேரம் குறையும் என்ற உண்மையே அவர்களைப் பட்டினிக்குள் தள்ளுகிறது. நான் வீரன் இல்லை. ஆனாலும் அதே குழியை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

அந்த மாதக் கடைசி ஞாயிறு. முந்தைய இரவு ஒரு தம்ளர் மோர் மட்டும். காலையில் கறுப்புக் காபி. பன்னிரண்டாவது வளைவு வரை நன்றாகத்தான் ஏறினேன். பதிமூன்றைத் தாண்டியதும் விரல்கள் நடுங்கத் தொடங்கின. கண்ணுக்கு முன்னால் சாலையின் வெள்ளைக் கோடு இரண்டாகப் பிரிந்தது. பதினான்காவது வளைவில் இறங்க நினைத்தேன். காலைத் தரையில் ஊன்றத் தெரியவில்லை. சைக்கிளோடு சாய்ந்து புல்லில் உட்கார்ந்துவிட்டேன். குளிர்ந்த வியர்வை. எதிரே சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருந்த மிளகுக் கொடியைப் பார்த்துக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறது. அதைப் பார்ப்பதை நிறுத்தினால் விழுந்துவிடுவேன் என்று ஏனோ தோன்றியது.

எஸ்டேட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் அந்த வழியாக வந்தார்கள். மூத்தவருக்கு அறுபது வயதிருக்கும்.

"என்ன சாமி, மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு? காலைல ஏதாச்சும் சாப்பிட்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. கையிலிருந்த தூக்குப்போசியைத் திறந்து, மூடியில் ராகிக் கூழை ஊற்றிக் கொடுத்தார். மோர் விட்டுக் கரைத்த உப்புக் கூழ். ஒரு மூடி குடித்ததும் இன்னொன்று ஊற்றினார். இளையவர் மடியிலிருந்து ஒரு வெல்லக்கட்டியை எடுத்துக் கொடுத்தார். அது அவர்களுடைய மதியச் சாப்பாடு என்பது எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கால் மணி நேரம் நின்று, என் முகத்தில் நிறம் திரும்பியதைப் பார்த்த பிறகுதான் இருவரும் நகர்ந்தார்கள். பிறகு அதே நேரத்தில் அதே வளைவில் பல ஞாயிற்றுக்கிழமைகள் காத்திருந்தேன். அவர்களை மறுபடி பார்க்கக் கிடைக்கவில்லை.

அன்று மேலே போகாமல் திரும்பிவிட்டேன். மாலையில் அப்பாவிடம் சொன்னேன். அப்பாவுக்கு அப்போது 72 வயது. திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வெறும் வயித்துல நான் என்னைக்காவது பால் எடுத்துட்டுப் போய்ப் பாத்திருக்கியா?" என்றார்.

பார்த்ததில்லை. அப்பா இருபத்தைந்து வருடம் சைக்கிளில் பால் ஊற்றியவர். எங்கள் ஊர் அயோத்தியாப்பட்டணத்துக்கு அப்பால் உள்ளே இருக்கிறது. விடிகாலை நான்கு மணிக்குக் கறவை வீடுகளில் பாலை வாங்கி, கேரியரின் இரண்டு பக்கமும் இரண்டு கேன்களைத் தொங்கவிட்டு, சேலம் டவுனுக்கு 14 கிலோமீட்டர். கேனும் பாலுமாக ஐம்பது கிலோவுக்குக் குறையாது. சைக்கிளே இருபது கிலோ கனமுள்ள பழைய பெரிய சைக்கிள். கியர் கிடையாது. கிளம்பும் முன் பழைய சோற்றைக் கரைத்து ஒரு கும்பா குடிப்பார். சின்ன வெங்காயம் கடித்துக்கொள்வார். ஒரு நாளும் தவறியதில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் கண்ட நாட்களிலும் அந்தக் கும்பா தயாராக இருக்கும்.

குரங்குப் பெடல் போட்டு, அதன்பின் பாருக்கு மேல் காலைத் தூக்கிப் போட்டு ஓட்டக் கற்ற பிறகு, பன்னிரண்டு வயதில் விடுமுறை நாட்களில் நானும் அவருடன் போயிருக்கிறேன். என் வாடகைச் சைக்கிளில் சுமை எதுவும் இருக்காது. முன்னால் பறப்பேன், இரைப்பு எடுத்து நிற்பேன், அவர் வந்து சேர்வார், மறுபடி பறப்பேன். டவுன் போய்ச் சேரும்போது நான் துவண்டிருப்பேன். அவர் கேனை இறக்கி வீடு வீடாக ஊற்றத் தொடங்கியிருப்பார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார். எதிரே வருகிறவரிடம் மழை பெய்ததா, மாடு கன்று போட்டதா என்று விசாரிப்பார். கேன் வாயில் கொஞ்சம் வைக்கோல் செருகியிருக்கும், பால் தளும்பி வெளியே வராமலிருக்க. "வெக்கப்புல்லு சும்மா ஒரு காவலுக்குத்தான். மிதி சரியா இருந்தா பால் தளும்பாது" என்பார். வெடுக் வெடுக்கென்று அழுத்துகிறவனுடைய கேனில் டவுன் வருவதற்குள் வெண்ணெய் திரண்டு மிதக்கும், வாங்குகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். எனக்கு அவர் சொன்னது ஒன்றுதான்: "எதுக்க வர்றவன்கிட்ட ரெண்டு வார்த்தை பேச முடியணும். அந்த வேகத்துல போ."

அந்தச் செப்டம்பர் மாலையிலும் அதை எனக்கு நினைவுபடுத்தினார். பால்காரருக்குச் சரி, மலையேறி நேரம் குறைக்கப் பார்ப்பவனுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று மனசுக்குள் ஒதுக்கிவிட்டேன். பொருந்தும் என்பதை மூன்று வாரம் கழித்து ஒரு கல்லூரி மாணவர் வாயால் கேட்டேன். மாநில அளவிலான பந்தயங்களில் ஓட்டுகிறவர், ஒல்லியான பையன். அடிவாரத்து டீக்கடையில் அடிக்கடி பார்ப்பேன். என் நோட்டுக் கணக்கையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அண்ணா, இந்த ஒம்பது மாசத்துல ஒரு நாளாவது மெதுவா ஓட்டியிருக்கீங்களா?"

அவர்தான் ஸ்டீபன் செய்லர் பற்றிச் சொன்னார். நார்வேயில் பணியாற்றும் அமெரிக்க உடலியல் ஆய்வாளர். படகோட்டிகள், பனிச்சறுக்கு வீரர்கள், சைக்கிள் வீரர்கள் என்று உலகின் முதல்தர ஆட்கள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று ஆராய்ந்து பார்த்தவர். அவர்களுடைய பயிற்சிகளில் ஏறத்தாழ 80 சதவீதம் சிரமமே இல்லாத வேகத்தில் நடக்கிறது. மீதி 20 சதவீதம் மிகக் கடுமை. இரண்டுக்கும் நடுவிலுள்ள, களைப்பைக் கொடுத்து பலனைக் குறைவாகத் தருகிற வேகத்தில்தான் என்னைப் போன்றவர்கள் தினமும் ஓட்டிக்கொண்டிருந்தோம். மெதுவான நாட்கள் மெதுவாக இல்லாததால், கடுமையான நாட்களைக் கடுமையாக ஓட்டக் கால்களில் எதுவும் மிச்சமிருப்பதில்லை. நீண்ட நேரம் நிதானமாக ஓட்டும்போது தசைக்குள் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன, நுண் ரத்தக் குழாய்கள் கிளைவிடுகின்றன, கொழுப்பை எரித்து ஓடும் திறன் வளர்கிறது. "எந்த வேகம் மெதுவுன்னு எப்படித் தெரியும் தம்பி?" என்று கேட்டேன். "பக்கத்துல வர்றவங்ககிட்ட முழுசா ஒரு வாக்கியம் பேச முடியணும் அண்ணா. அதான் அளவு" என்றார்.

டீ ஆறிப்போகும்வரை அந்தத் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

மிதிக்கும் வாட்டை நேராக அளக்கும் பவர் மீட்டர் வாங்க என்னிடம் பணமில்லை. மார்பில் கட்டும் இதயத்துடிப்புப் பட்டை ஒன்று வாங்கினேன். ஜோ ஃபிரீல் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் 1996 இல் எழுதிய 'த சைக்கிளிஸ்ட்ஸ் டிரெய்னிங் பைபிள்' புத்தகம் இன்றும் பலருக்கு வழிகாட்டி. அவர் சொல்லும் சோதனை இதுதான்: நன்றாக உடம்பைச் சூடாக்கிய பிறகு, தனியாக 30 நிமிடம், முடிவுவரை தாக்குப்பிடிக்கிற உச்ச வேகத்தில் ஓட்ட வேண்டும். கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு 164 வந்தது. அதை வைத்துக் கணக்கிட்டால் என் நிதானமான ஓட்டத்தின் எல்லை 133 முதல் 145 வரை.

145ஐத் தாண்டாமல் ஓட்டுவது எவ்வளவு கடினம் என்பதை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் புரியும். ஒரு சின்ன மேம்பாலம் வந்தால் போதும், துடிப்பு 150க்குத் தாவும். கியரை இறக்கி, பிள்ளையை இடுப்பில் வைத்து நடப்பதுபோல் ஏற வேண்டும். காய்கறி மூட்டையோடு போகும் பெரியவர் என்னைத் தாண்டிப் போவார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் போக வேண்டும். முதல் மாதம் முழுக்க, காலத்தை வீணாக்குகிறேன் என்ற உறுத்தல் என்னைவிட்டு அகலவில்லை. ஞாயிறு காலைகளில் ஓமலூர், மேச்சேரி வழியாக மேட்டூர் போய் அணையைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். போகவரக் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். அணையில் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு கரையில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டேன். அப்பாவைப் போல எதிரில் வருகிறவர்களிடம் பேசிப் பார்த்தேன். மேச்சேரிப் பக்கத்துக்காரர்கள் சைக்கிள் என்ன விலை என்று கேட்பார்கள். பேச முடிந்தது. மூன்றாவது மாத முடிவில் அதே 140 துடிப்பில் முன்பு 21 கிலோமீட்டர் வேகத்தில் போன சாலையில் 25இல் போய்க்கொண்டிருந்தேன். கூடுதலாக நான் எதையும் அழுத்தவில்லை.

கடுமையான நாள் வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு. செவ்வாய்க்கிழமை விடிகாலையில் மலையின் முதல் சில வளைவுகளில் எட்டு நிமிடம் முழு மூச்சாக ஏறி, இறங்கி, மறுபடி எட்டு நிமிடம். இப்படி நான்கு முறை. நான்காவது முறை வளைவுகளில் வாய்விட்டு முனகியிருக்கிறேன். ஒருமுறை இருட்டு பிரியும் நேரத்தில் திருப்பத்தில் ஒரு காட்டெருமை நின்றிருந்தது. அது சாலையைக் கடக்கும்வரை பத்து நிமிடம் அசையாமல் நின்றதில் அன்றைய பயிற்சி கெட்டது, அதில் எனக்கு வருத்தமில்லை. நான்கு வாரத்தில் ஒரு வாரம் எல்லாவற்றையும் பாதியாகக் குறைப்பேன். உடம்பு பலம் பெறுவது அந்த ஓய்வில்தான். இதை ஏற்றுக்கொள்ள எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நாள் பிடித்தது.

சைக்கிளிலும் ஒரு மாற்றம் செய்தேன். முன்னால் 34 பல், பின்னால் பெரியது 28 பல் என்று இருந்தது. மணிக்கு எட்டு கிலோமீட்டரில் ஏறும்போது அந்தக் கியரில் பெடல் நிமிடத்துக்கு 52 முறைதான் சுற்றும். ஒவ்வொரு சுற்றும் படிக்கட்டில் மூட்டை தூக்குவது போல. முழங்கால் வலித்ததற்கு அதுவும் ஒரு காரணம். பின்னால் 32 பல் போட்டதும் அதே வேகத்தில் 60 சுற்று வந்தது. கால் பழகியபின் 75இல் ஏற முடிந்தது. அழுத்தாமல் சுழற்றினால் தசை சீக்கிரம் சோர்வதில்லை. கேனில் வெண்ணெய் திரளவிடாத மிதியும் இதே மிதிதான். சைக்கிள்கடை அண்ணன் சக்கரத்துக்குப் பெண்டு எடுத்துவிட்டு, டயரையும் 25 மில்லிமீட்டரிலிருந்து 28க்கு மாற்றினார். காற்றைக் கல் போல அடிக்காமல் குறைத்து வைக்கச் சொன்னார். மலைச்சாலையின் சொரசொரப்பில் அது வேகத்தைக் குறைக்கவே இல்லை, உடம்பு உதறுவதுதான் குறைந்தது.

இனிச் சாப்பாடு. கூழ் குடித்த அந்த நாளுக்குப் பிறகு சோறு எங்கள் வீட்டில் என் தட்டுக்குத் திரும்பி வந்தது. மனைவி எதுவும் சொல்லவில்லை. முதல் நாள் கூடவே ஒரு கரண்டி நெய் ஊற்றினார். 81 கிலோ மூன்று மாதத்தில் 84 ஆனது. அதைப் பொறுத்துக்கொண்டேன். பிறகு நிதானமாக இறக்கினேன். ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. நாளுக்கு 300 கலோரி குறைத்தால் மாதம் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் இறங்கும். அதற்கு மேல் பேராசைப்படக் கூடாது என்று முடிவு செய்தேன். கடுமையான நாளிலும் நீண்ட ஓட்டத்து நாளிலும் குறைக்கவே மாட்டேன். குறைப்பதெல்லாம் ஓய்வு நாட்களில், அதுவும் இரவு டிபனில், சாயங்கால முறுக்கு மிக்சரில். கொள்ளு, பாசிப்பயறு, முட்டை இவற்றைக் கூட்டினேன், தசை கரையாமலிருக்க. நம் உடம்பு தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து நானூறு, ஐந்நூறு கிராம்தான். கடுமையாக ஓட்டினால் ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். முந்தைய இரவும் காலையும் நிரப்பாமல் போனால் பாதியிலேயே தீரும். பதினான்காவது வளைவில் எனக்கு நேர்ந்தது அதுதான். அதன்பின் சட்டையின் முதுகுப் பையில் வாழைப்பழமும் கடலை மிட்டாயும் இல்லாமல் நான் மலைக்குக் கிளம்பியதில்லை. பசிப்பதற்கு முன்பே, ஏழாவது வளைவில் ஒன்று, பதினான்கில் ஒன்று.

பிரான்சில் ஆல்ப் தூயெஸ் என்ற மலைக்கு 21 வளைவுகள். 1952 இல் டூர் தெ பிரான்ஸ் முதல் முறை அங்கே ஏறியபோது இத்தாலியின் ஃபௌஸ்டோ கோப்பி வென்றார். அங்கே வளைவுகளின் எண்கள் ஏற ஏறக் குறைந்துகொண்டே வரும், ஏறுகிறவருக்கு இன்னும் எத்தனை மிச்சம் என்று தெரிகிற மாதிரி. நம் ஏற்காட்டில் எண் கூடிக்கொண்டே போகிறது. கடந்தது எத்தனை என்று சொல்கிறது. எனக்கு நம்முடைய வரிசைதான் பிடித்திருக்கிறது.

2019 டிசம்பரில் 77 கிலோவோடு ஏறினேன். 1 மணி 39 நிமிடம். நோட்டில் போட்டுப் பார்த்தேன், 176 வாட். முதல் ஏற்றத்திலிருந்து குறைந்த 48 நிமிடத்தில் எடை கொடுத்தது இருபது நிமிடத்துக்குச் சற்று மேல், மீதியெல்லாம் கால்கள் கொடுத்தது. மருத்துவரிடம் போனபோது சராசரிச் சர்க்கரை 5.4. நாடித்துடிப்பு 52. அவர் காகிதத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பிறகு ஊரடங்கு. மலைக்குப் போக இ-பாஸ் வேண்டும் என்றிருந்த மாதங்கள். நான்கு கிலோ திரும்பி வந்தது, பலமும் கொஞ்சம் போனது. அந்த ஒன்றரை வருடத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. மறுபடி மேட்டூர்ச் சாலையில், 140 துடிப்பில், பேசிக்கொண்டு போகும் வேகத்தில் தொடங்கினேன். இந்த முறை உறுத்தல் இல்லை.

2022 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. முந்தைய இரவு சோறும் மீன் குழம்பும். காலை மூன்று இட்லி. ஐந்தே முக்காலுக்குச் செக்போஸ்ட்டைத் தாண்டினேன். முதல் ஐந்து வளைவுகளில் வேண்டுமென்றே அடக்கி ஓட்டினேன், கூட வந்த இளைஞர்கள் முன்னால் போய்விட்டார்கள். பத்தாவது வளைவுக்கு மேல் ஒவ்வொருவராகத் திரும்பக் கண்ணில் பட்டார்கள். பதினொன்றாவது வளைவின் தடுப்புச் சுவரில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பதினெட்டில் மூச்சு வாங்கியது, அப்போதுதான் துடிப்பை 165க்கு ஏற விட்டேன். காபித் தோட்டங்களின் ஈர வாசனை வந்தது. ஏரிக்கரையில் கடிகாரத்தை நிறுத்தினேன். 1 மணி 31 நிமிடம்.

டீ சொல்லிவிட்டு அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"ஏறிட்டியா?"

"ஏறிட்டேன்ப்பா. ஒன்னு முப்பத்தொண்ணு."

"வழியில என்ன சாப்பிட்ட?"

"ரெண்டு வாழப்பழம். ஒரு கடலை மிட்டாய்."

"ம். எறங்கறப்ப பிரேக்க ஒரேயடியாப் புடிக்காத. ரிம்மு சூடாயிரும். விட்டு விட்டுப் புடி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.